சிவப்புத் தொப்பியைக் கண்டு ஒளிந்த மகனுக்கு

மாறா,

உன் கல்யாணத்தன்று பெரியப்பா இந்தக் கதையைச் சொல்வார். பந்தி ஓய்ந்ததும் மண்டபத்து நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடங்குவார். "மாப்ள இருக்காரே, சின்னதுல வீராம்பட்டினம் தேர்ல காணாப் போயிட்டாரு. உங்கப்பா பேரு இன்னாடான்னு கேட்டா, அப்பான்னு சொன்னாரு!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். உன் மனைவியும் சிரிப்பாள். நீயும் சிரிப்பாய், ஏனென்றால் உனக்கு அது நினைவில் இருக்காது. உனக்கு இப்போது ஆறு வயது. பக்கத்து அறையில் ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கத் தூங்குகிறாய். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடுவாய். நான் மறக்கமாட்டேன். அதனால், அவர் சொல்வதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். நீ வளர்ந்த பிறகு படித்துக்கொள். உன்னைப் போல் பிள்ளை வைத்திருக்கும் மற்றவர்கள் இப்போதே படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நான் அதிகம் பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போனவரின் மகள் நான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள். கெமிஸ்ட்ரி படித்தேன். சேதராப்பட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே, யாரிடமும் பேசத் தேவையில்லாத வேலை கிடைத்தது. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது உன் அப்பாவின் அக்கா, உன் அத்தை, எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்: "படிச்ச பொண்ணுதான், ஆனா வாயே தொறக்காது." பேசாதவர்களுக்குக் கண் கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும். இந்த வீட்டில் நான் பார்த்ததில் பாதி எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்தச் சொல்லை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். கோபம் என்று எழுதலாம், வருத்தம் என்றும் எழுதலாம். ஆனால் தொண்டைக்குள் வந்தது அதுவல்ல. தட்டில் சோற்றுக்குள் தலைமுடி கிடந்தால் வருமே, அதுதான் வந்தது.

சோற்றிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தலையில் சிவப்புத் தொப்பி வைத்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரன் போனபோது விட்டுப்போனது என்பார்கள். வெளியூர்க்காரர்கள் கடற்கரைச் சாலையில் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் வீட்டில் அந்தத் தொப்பி உனக்குச் சோறு ஊட்டுவதற்குப் பயன்பட்டது. நீ வாயை மூடிக்கொண்டால் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, "தோ வர்றான் பாரு செவப்புத் தொப்பி" என்பார். அதற்கும் நீ மசியாவிட்டால் பெரியப்பா போனைக் காதில் வைத்துக்கொள்வார். "அலோ, ஸ்டேஷனா? இங்க ஒரு பையன் சோறு துன்ன மாட்டேங்கறான் சார். ஆமா, வந்து தூக்கினு போயிடுங்க." நீ அழ வாயைத் திறப்பாய். திறந்த வாயில் அத்தை சோற்றை அடைப்பார். கண்ணீரும் மூக்குச்சளியும் ரசமும் சேர்ந்து தாடையில் வழியும். நீ விக்கி விக்கி விழுங்குவாய். "பாத்தியா, எப்டி துன்றான்!" என்று சுற்றி இருக்கிறவர்கள் கைதட்டுவார்கள். உன் அப்பாவும் அந்தச் சுற்றில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரையும் அப்படித்தான் சாப்பிட வைத்திருப்பார்கள்.

நீ தூங்க மறுத்தாலும் சிவப்புத் தொப்பி வந்தது. பள்ளிக்கூட வேனில் ஏற அழுதாலும், சுவரில் கிறுக்கினாலும், டம்ளரை உடைத்தாலும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் மார்க்கெட் வீதியில் நடந்துபோனபோது எதிரே ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நீ என் கையை விட்டுவிட்டு, மூடிக் கிடந்த ஒரு கடையின் படிக்குக் கீழே, சாக்கடை ஓரத்தில் போய்க் குந்திக்கொண்டாய். இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாய். அவர் உன்னைப் பார்க்கக்கூட இல்லை. போனில் பேசியபடி போய்விட்டார். அன்று உன் முழங்காலில் ஒட்டியிருந்த சாக்கடைச் சேற்றை வீட்டுக்கு வந்து தேய்த்துக் கழுவினேன். மறுநாள் அத்தையிடம், "அண்ணி, கொழந்தய போலீசச் சொல்லி பயமுறுத்த வேணாமே" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன். "ஏம்மா, நாங்கல்லாம் பயந்து வளரலியா? ஒரு பயம் இருந்தாத்தான் புள்ள அடங்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கீரையை ஆயத் தொடங்கினார்.

இன்னொன்றும் இருந்தது. நம் வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உன் அப்பா எல்லாருக்கும் தம்பி. நீ பிறந்ததும் அந்தப் பட்டம் உனக்கு இறங்கியது, அவர் பெரிய தம்பி ஆனார். நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெயரோடு இருந்தேன். இங்கே முதலில் "தோ பாரு" ஆனேன், பிறகு "தம்பி அம்மா" ஆனேன். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அத்தை நம்புகிறார். ரேஷன் கடையில் கேட்டால்கூட என் பக்கத்தில் நிற்கும் பெண்ணைத்தான் சொல்ல வைக்கவேண்டும். இதை நான் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இதற்குள் உனக்கு ஒரு ஆபத்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஆடியில் எல்லாருமாக வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். அந்த மீனவக் கிராமத்தின் மணல் முழுக்க அன்று தலைகளாகத்தான் இருக்கும். உனக்கு ஒரு சிவப்புச் சட்டை போட்டிருந்தேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்த் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து வேண்டும் என்று அழுதாய். பெரியப்பா உன் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், பந்தோபஸ்துக்கு நின்ற ஒரு கான்ஸ்டபிள் முன்னால் நிறுத்தினார். "சார், இந்தப் பையன் ரொம்ப அழுவறான், நீங்களே வச்சிக்குங்க." அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே லத்தியைத் தூக்கி, "ஆங், ஏத்து வண்டில!" என்றார். நீ அழுகையை நிறுத்தினாய். கொஞ்சம்கொஞ்சமாக அடங்கும் அழுகை இல்லை அது. வாயைத் திறந்தபடியே சத்தம் மட்டும் நின்றது. உன் நெற்றி வேர்த்திருந்தது. "பாத்தியா தம்பி அம்மா, வேலைய" என்று பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதற்குக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் தேர் கிளம்பியது. கூட்டம் முன்னால் தள்ளியது. நானும் அத்தையும் ஒரு பக்கம் ஒதுங்கினோம். நீ பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தேர் அவர் முன்னால் வந்தபோது அவர் போனைத் தூக்கினார். ஒரு கையால் எடுத்தால் படம் ஆடும் என்று இரண்டு கையாலும் பிடித்தார். தேர் போய்விட்டது. அவர் திரும்பி எங்களிடம் வந்து, "செம்மயா வுழுந்திருக்கு" என்று படத்தைக் காட்டினார். நான் அவர் காலுக்குப் பக்கத்தில் பார்த்தேன். நீ அங்கே இல்லை.

அந்த நேரத்தைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. பார்த்த சிவப்பெல்லாம் உன் சட்டையாக இருந்தது. பலூன், குடை, குங்குமம் கொட்டிய தட்டு, எல்லாமே. கடல் பக்கம் ஓடினேன். கடலிலிருந்து திரும்பி ஓடினேன். உன் அப்பா போலீஸ் பந்தலுக்கு ஓடிச் சொன்னார். சிவப்புச் சட்டைப் பையன் என்று மைக்கில் அறிவித்தார்கள். போலீஸ்காரர்கள் கடை கடையாகத் தேடினார்கள். அவர்கள் ஒழுங்காகத்தான் தேடினார்கள், மாறா. நீ தொலைந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான், ஒரு வளையல் கடையின் பலகைக்கு அடியில், தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தக் கடை முன்னால் போலீஸ்காரர்கள் திரும்பத் திரும்ப வந்துபோனார்கள். ஒவ்வொரு முறையும் தார்ப்பாய்க்கு அடியில் பூட்ஸ் தெரிந்ததும் நீ இன்னும் உள்ளே நகர்ந்தாய். உன்னைக் காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து நீ ஒளிந்துகொண்டிருந்தாய். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாயாம்.

கடைசியில் ஒரு வாடிக்கைக்காரிக்கு வேறு அளவு எடுக்கக் குனிந்த வளையல்கார அம்மாதான் உன்னைப் பார்த்தார். வெளியே இழுத்து, பேர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கூப்பிடும் பேர்கூட அந்தப் பயத்தில் உனக்கு வாயில் வரவில்லை. "தம்பி" என்றாய். அப்பா பேர்? "அப்பா." அம்மா பேர்? "அம்மா." அதை அவர் பந்தலுக்குச் சொல்லியனுப்ப, மைக் பிடித்திருந்த ஆள் அப்படியே அறிவித்தார்: "பையன் பேரு தம்பியாம். அப்பா பேரு அப்பா, அம்மா பேரு அம்மாவாம். சம்பந்தப்பட்டவங்க வளையல் கடைக்கு வரவும்." மணல் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்தது. எனக்கு அறிவிப்பு காதில் விழவில்லை, சிரிப்புதான் விழுந்தது. பக்கத்தில் ஒரு பெண் பஜ்ஜியை மென்றுகொண்டே, "யாரு பெத்ததோ" என்று சிரித்தாள். வாயின் ஓரத்தில் எண்ணெய் மினுங்கியது. நான் பெற்றதுதான்.

ஓடிவந்த என்னிடம் அந்த வளையல்கார அம்மா உன்னைக் கொடுக்கும்போதே திட்டத் தொடங்கிவிட்டார். "இன்னாம்மா புள்ள வளத்துகினு? என் கண்ணாடி வளையல் டப்பா மேல குந்திகினு எல்லாத்தையும் நொறுக்கிட்டான். பந்தலுக்கு இட்டுனு போறேன்னா, தொப்பியப் பாத்துட்டு என் கைய கடிச்சிட்டான் பாரு." அவர் கையில் உன் பல் பதிந்திருந்தது. உன் நிஜாரின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. நொறுங்கிய வளையல் துண்டுகள் தொடையில் கீறியிருந்தன. கண்ணாடி மேல் உட்கார்ந்துகொண்டு, கீறக் கீற, நீ சத்தம் போடாமல் இருந்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் பசி. கூழும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. சுற்றி உட்கார்ந்தார்கள். கதை உடனே தொடங்கிவிட்டது. பெரியப்பா மைக் பிடித்த ஆளைப் போலப் பேசிக் காட்டினார், அத்தைக்குச் சிரித்துப் புரையேறியது. "டேய் தம்பி, உங்கப்பா பேரு இன்னாடா?" நீ என் மடியில் இருந்தாய். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து நீயும் சிரிக்க முயன்று, "அப்பா" என்றாய். வீடே அதிர்ந்தது. பெரியப்பா கருவாட்டு முள்ளை நாக்கால் துழாவி எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஆனா ஒண்ணு, தொப்பின்னா அந்தப் பயம் இருக்கு பாரு. அது நல்லதுதான்." நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குக் கருவாட்டு வாசனை ஆவதில்லை.

தேரை எடுத்த அந்த வீடியோவை அவர் அன்றே போனில் எல்லாருக்கும் போட்டுவிட்டார். உன் கல்யாணம் வரை அது இருந்தால் நீயும் பார். தேர் ஆடி ஆடி வருகிறது, மேளம், புகை. கீழே இடது ஓரத்தில் ஒரு சிவப்புச் சட்டை. அது எடுக்கிறவர் பக்கம் நிமிர்ந்து பார்த்து, அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. மறுபடியும் இழுக்கிறது. பிறகு வேட்டியை விட்டுவிட்டு, படத்துக்கு வெளியே போய்விடுகிறது. தேர் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே இதயம் இதயமாகப் போட்டிருக்கிறார்கள். நான் அந்த ஓரத்தைக் காட்டி, "மாமா, தம்பி உங்களக் கூப்புட்டுருக்கான்" என்றேன். அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அட ஆமா" என்றார். பிறகு யாரோ புதிதாக ஒரு இதயம் போட்டார்கள். அதைத் திறந்து பார்த்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் சில வாரத்துக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது நீ இல்லை. எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இங்கதான் ஆடினு இருந்தான்" என்றார் அத்தை. மாடிப்படிக்கு அடியில், காலி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நீ இருந்தாய். உன் சாக்ஸ் ஒன்று சிவப்பாக இருந்தது. அது சாக்ஸின் நிறம் இல்லை என்று கிட்டே போனபோதுதான் தெரிந்தது. சனி ஞாயிறு வந்துவிட்டால் நம் தெரு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து குடிக்க வருகிறவர்கள் பீர் பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு, அதே சுவரில் மூத்திரமும் பெய்துவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை நம் பிள்ளைகள் அதன் மேல் விளையாடுவார்கள். அந்தக் கண்ணாடியை மிதித்துவிட்டு, சாக்ஸை மேலே மாட்டி மறைத்துக்கொண்டு வந்து ஒளிந்திருக்கிறாய். "ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். நீ என் காதில் சொன்னாய்: "சொன்னா செவப்புத் தொப்பி வந்துடும்மா."

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது நீ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் அவ்வப்போது சங்கு ஊதித் தீ விபத்துப் பயிற்சி நடத்துவார்கள். சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் பச்சைப் பலகை நட்ட இடத்தில் நிற்கவேண்டும். ஆண்கள் அங்கே வந்ததும் ஆளுக்கொரு சிகரெட்டைப் பற்றவைப்பார்கள். தீ விபத்துப் பயிற்சியில்! ஆனால் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒருமுறை சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. தீப்பிடித்த வீட்டில் குழந்தைகள் வெளியே ஓடமாட்டார்கள், கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் போய் ஒளிந்துகொள்வார்கள், தேடுகிறவர்கள் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கமாட்டார்கள் என்றார். அப்போது எனக்கு வளையல் கடைப் பலகை தெரிந்தது. பிறகு மாடிப்படி தெரிந்தது. உனக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆபத்து வந்தால் ஒளி.

அதை அழிக்க வேண்டியிருந்தது. நான் உனக்குப் பெரிய பாடமெல்லாம் எடுக்கவில்லை. வெளியே தெரிகிற இடத்தில் நில், சத்தம் போட்டுச் சொல். இதைத்தான் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பழக்கினேன். தொலைந்துவிட்டால் ஓடாதே, விட்ட இடத்திலேயே நில், நான் வருவேன். அடிபட்டால் மறைக்காதே, நீயே உடைத்து நீயே மிதித்திருந்தாலும் சொல். கேஸ் நாற்றம் அடித்தால் சுவிட்சைத் தொடாதே, வாசலுக்கு ஓடிவந்து கத்து. போன் நம்பரைக் குளிக்கும்போது பழகினோம், ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஒரு எண். மார்க்கெட்டுக்குப் போனால் முதலில் மணிக்கூண்டைக் காட்டி, பிரிந்துவிட்டால் இங்கேதான் என்பேன். தொழிற்சாலைக் கதையை நான் சொல்லக் கேட்டிருந்த நீ அதற்குப் "பச்சப் பலக" என்று பேர் வைத்தாய்.

பேர்தான் கஷ்டமாக இருந்தது. உன் அப்பா பேரை உனக்குச் சொல்லித்தர, அதை நான் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். உன் அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, யாரோ வாசலில் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்தார். அத்தை எழுந்தே விட்டார். "புருஷன் பேரச் சொல்றா பாரு! படிச்ச திமிரா?" உன் அப்பா மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினார். பிறகு, "சொல்லட்டும்கா. அன்னிக்கி சொல்லத் தெரியாமதான நின்னான்" என்றார். கூடவே, கூச்சத்தில் காது சிவக்க, என் பேரையும் உனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை அவர் வாயால் நானும் அன்றுதான் முதலில் கேட்டேன்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. "முத்தம் குடுத்தாத்தான் சாக்லேட்" என்று வருகிறவர்கள் உன்னைப் பிடித்து இழுப்பார்கள். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் உன் கன்னத்தைக் கிள்ளி, அந்த விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொள்வார். அவர் மேலே வியர்வையும் மூக்குப்பொடியும் நாறும். நீ முகத்தைச் சுளித்துப் பின்வாங்குவாய். "பெரியவங்கள அப்டி பண்ணக் கூடாது" என்று உன்னைத்தான் அதட்டுவார்கள். நான் உன் சுளித்த முகத்தைப் பார்த்தேன். இந்த வீட்டில் சரியாக இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. பயந்த பிள்ளை ஒளிந்துகொள்கிறது. அருவருப்பு வந்த பிள்ளை, ச்சீ என்று தள்ளிவிட்டு ஓடிவந்து சொல்கிறது. அதனால் உனக்குச் சொன்னேன்: பிடிக்காவிட்டால் வேணாம் என்று சொல்லலாம். மாமாவானாலும், அத்தையானாலும், சாமியாரானாலும். அம்மாவிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதைத்தான் முதலில் என்னிடம் சொல்லவேண்டும். அடுத்த மாதம் வீட்டுக்காரர் கையை நீட்டியபோது நீ, "வேணாம், கை நாறுது" என்றாய். அவர் முகம் போன போக்கு! அத்தை உன்னை அடிக்க வந்தார். நான் நடுவில் நின்றேன். எதுவும் பேசவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது தொப்பி. நீ பேரெல்லாம் சொல்லத் தெரிந்துவைத்திருந்தாலும், சொல்ல வேண்டிய ஆளைக் கண்டால் ஒளிவாய் என்றால் என்ன பயன்? இந்த வருஷத் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்க விடும் நேரத்தில், உன்னைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனேன். தூரத்தில் ஒரு கான்ஸ்டபிள் பட்டாணி மென்றுகொண்டு நின்றார். பெரிய தொந்தி, நரைத்த மீசை. நான் உனக்காகத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நகராமல் நின்றது என் கால்தான். காக்கியிடம் மட்டுமில்லை, கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எவரிடமும் நான் நிமிர்ந்து பேசியதில்லை. உன் கை என் கையில் வேர்த்ததா, என் கை உன் கையில் வேர்த்ததா என்று தெரியவில்லை.

"சார், இவன் உங்ககிட்ட ஒண்ணு பேசணுமாம்."

அவர் குனிந்து உன்னைப் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளையைக் கண்டதும் பெரியவர்களுக்கு வரும், எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. லத்தியைத் தரையில் தட்டினார். "இன்னாடா, அம்மா பேச்சக் கேக்க மாட்டேங்கறியா? புடிச்சி உள்ள வச்சிடவா?"

நீ என் பின்னால் போய்விட்டாய். துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாய். இத்தனை மாதம் சொம்பு சொம்பாக ஊற்றியதெல்லாம் ஒரு நொடியில் வடிந்துவிட்டது. எனக்கு வாயில் புளிப்பாக ஏதோ ஊறியது. அதைத் துப்புவது போலத்தான் அந்தச் சொல் வந்தது.

"அப்டி சொல்லாதீங்க."

"இன்னாம்மா?"

"அப்டி சொல்லாதீங்க சார். போன வருஷம் தேர்ல இவன் தொலஞ்சி போயிட்டான். நீங்கல்லாம் தேடினு இருந்தீங்க. உங்க பூட்ஸப் பாத்துப் பாத்து இவன் உள்ள உள்ள போயி ஒளிஞ்சினு இருந்தான். கண்ணாடி மேல குந்திகினு. எல்லாம் இந்தத் தமாஷாலதான். அசிங்கமா இருக்கு சார்." என் குரல் உரக்கத்தான் இருந்தது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் மெல்வதை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "வீராம்பட்டினத்துலயா? செவப்புச் சட்டப் பையன்?" என்றார். "நானும் அங்கதான் டூட்டி. மணல்ல நடந்து நடந்து காலு வீங்கிப் போச்சு. கெடச்சுட்டான்னு மைக்ல சொன்னாங்க, அதுக்கப்புறம்தான் டீ குடிச்சேன்." பிறகு லத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொந்தியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே வழுக்கை, அதைச் சுற்றித் தொப்பி அழுத்திய தடம். "தோ பாருடா. கைல வாங்கிப் பாரு."

துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கண் வந்தது. பிறகு ஒரு கை வந்தது. வெளிப்பக்கச் சிவப்பை விரலால் தொட்டாய். திருப்பினாய். உள்ளே வியர்வை குடித்துக் கறுத்துப்போன பட்டை, அதில் ஒட்டிய நரைமுடி. முகர்ந்து பார்த்தாய்.

"உவ்வே! அம்மா, நாறுது!"

"நாறாம? வெயில்ல காலைலேந்து நின்னு பாரு" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு, தொப்பியை விரல் நுனியால் பிடித்து அவரிடம் நீட்டினாய். ஆனால் பின்வாங்கவில்லை. முழுதாக வெளியே வந்து நின்றுகொண்டிருந்தாய். பிறகு, குளிக்கும்போது பழகிய அதே ராகத்தில், கடல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாய்: "என் பேரு மாறன். எங்கப்பா பேரு..." என்று அப்பா பேரைச் சொன்னாய். அடுத்து என் பேரைச் சொன்னாய். முழுப் பேரையும், ஒரு எழுத்துக்கூட விடாமல், அத்தனை சத்தமாக.

நாளை வெள்ளிக்கிழமை. தேருக்குப் போகிறோம். உன்னை நான்தான் பிடித்துக்கொள்வேன். பெரியப்பா தேரைப் படம் எடுக்கட்டும். கூட்டத்தில் என் கை நழுவினாலும் நீ எங்கே நிற்பாய் என்று எனக்கு இப்போது தெரியும். உன் கல்யாணத்தில் அவர் கதையைச் சொல்லட்டும், தடுக்காதே. எல்லாரும் சிரித்து முடித்ததும் மீதியை நீ சொல். தொப்பி நாறியது என்று சொல். என்றைக்காவது உன் பிள்ளையை யாராவது, அது நானாகவே இருந்தாலும், பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினால், அன்று கடற்கரையில் சுளித்தாயே, அதே முகத்தை அவர்களுக்குக் காட்டு.

உன் அம்மா.
என் பேர் உனக்குத் தெரியும்.